ரசீதுப் புத்தகத்தில் உங்கள் பெயரும் வேண்டும்

எங்கள் அறக்கட்டளையின் மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். போன வாரம் சிப்காட் கம்பெனி ஒன்றிலிருந்து சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பணி நிதி) அதிகாரி வந்து மாலைப் படிப்பு மையத்தைப் பார்த்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். போகும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்க டிரஸ்டிங்க இந்த வருஷம் எவ்வளவு கொடுத்திருக்காங்க?" அறையில் இருந்த அறங்காவலர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். கணக்கு எழுதுகிறவள் நான்தானே. "பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? பூஜ்யம்.

அவர் கேட்டதில் தவறில்லை. பெரிய கம்பெனிகளை மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது சட்டம். அதை யாரை நம்பிக் கொடுப்பது என்று அவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். அமெரிக்காவில் நிதி உதவி தரும் பல அமைப்புகள் அறங்காவலர் குழுவில் எத்தனை சதவீதம் பேர் நன்கொடை தந்தார்கள் என்று முன்பே கேட்டுவிடும். அந்தக் கேள்வி இப்போது கடலூருக்கும் வந்துவிட்டது.

ஆனால் என்னை உறுத்துவது அந்த அதிகாரி இல்லை. தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா. மகள் நம் மையத்தில் படித்தவள். மாதம் பிறந்தால் நூறு ரூபாய் தந்துவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், கூடையில் மீன் இருக்காது. அப்போதும் ஐம்பதாவது தருவார். இந்த முறை ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, "பெரியவங்கள்லாம் எவ்ளோ போடறாங்கம்மா?" என்றார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான். நான் வாய் திறப்பதற்குள், "ஆயிரக்கணக்குல போடுவாங்க, அதுல நம்மளுது எங்க தெரியப்போவுது" என்று அவரே சிரித்துக்கொண்டார். அவரிடம் நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் நேரத்தைத் தருகிறீர்கள், மறுக்கவில்லை. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வீடுகளுக்குள் புகுந்தபோது பிரெட் பாக்கெட்டோடு நின்று படமும் எடுத்துக்கொண்டீர்கள். பிரெட்டுக்குக் காசு போட்டது மஞ்சக்குப்பம் கடைக்காரர்கள். ஆண்டுவிழாவில் உங்களுக்குப் போர்த்திய பொன்னாடைகளின் பில்லும் என் கோப்பில்தான் இருக்கிறது. நிர்வாகச் செலவு என்று எழுதியிருக்கிறேன், வேறு தலைப்பு கிடைக்கவில்லை. நம் ஊரில் பொறுப்பு என்றாலே மேடையில் ஒரு நாற்காலி என்று ஆகிவிட்டது; கோயில் கமிட்டியானாலும் சரி, பள்ளிக் கமிட்டியானாலும் சரி... அது வேறு கதை, மன்னிக்கவும்.

புதிய வருமான வரிமுறையில் நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு இல்லையே என்று உங்களில் ஒருவர் சொன்னார். உண்மைதான், இல்லை. மீன் விற்கும் அக்காவுக்கும் இல்லை.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு அறங்காவலரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது சொந்தப் பணத்திலிருந்து நன்கொடை தர வேண்டும். தொகையை நாங்கள் சொல்ல மாட்டோம். பென்ஷனில் காலம் தள்ளும் வாத்தியார் ஐயா 200 ரூபாய் தந்தால் போதும். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் அவரே யோசித்துக்கொள்ளட்டும். யார் எவ்வளவு தந்தார்கள் என்று வெளியே சொல்லப் போவதுமில்லை. எல்லோரும் தந்தார்கள் என்று மட்டும் சொல்ல முடிந்தால் போதும். பழைய வரிமுறையில் இருப்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகத் தராமல் செக்காகவோ ஜிபேயிலோ தாருங்கள், 80ஜி சான்று தந்துவிடுகிறேன்.

தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த அதிகாரிக்கு நான் பதில் அனுப்பியாக வேண்டும். ரசீதுப் புத்தகத்தைக் கூட்டத்துக்கே கொண்டுவருகிறேன்.

பணிவுடன்,
உங்கள் கணக்காளர்,
கடலூர்