நிலத்தை விற்கும் பேச்சு இப்போது வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் வீட்டையும் நிலத்தையும் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுப் பக்கமே ஒரு பிளாட் வாங்கி இருந்துவிடுங்கள் என்றாய். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மேடவாக்கத்தில் அக்கா வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார், கண் டாக்டர் நடக்கிற தூரத்தில் இருக்கிறார். சென்னைக்கு 2004-லிருந்து வீராணம் ஏரித் தண்ணீர் குழாயில் வருகிறதே, அது கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகப் போகிற நம்ம காவிரித் தண்ணீர்தான். நான் விருந்தாளி இல்லை, உங்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஊர்க்காரன் என்று மாப்பிள்ளையை வம்பிழுப்பேன்.

ஆனால் ஜூன் பிறந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள், அப்புறம் குடமுருட்டி ஆறு, அப்புறம்தான் நம்ம வாய்க்கால். முதல் தண்ணீர் வருவதை நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய், மறந்திருக்கும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்காது. சருகு, வைக்கோல் துரும்பு, நுரை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு அழுக்காக ஊர்ந்து வரும். வெடிப்பில் இறங்கும்போது குபுகுபுவென்று சத்தம் கேட்கும், வளையிலிருந்து நண்டு கரையேறி ஓடும், எப்படித்தான் தெரியுமோ, கொக்கு அதற்குள் வந்து நிற்கும். இதைப் பார்க்காத வருஷம் எனக்கு வருஷமாகவே தோன்றாது.

ஊர் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். 2024-இல் ஜூலை 28 வரை மேட்டூர் திறக்கவில்லை, ஆற்றை நம்பிய நமக்குக் குறுவை நெல் சாகுபடியே இல்லை. நடவுக்கு ஆள் கிடையாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிவிட்டால் நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைக்கணும், மேகம் கறுத்தால் படுதாவோடு ஓடணும். ராத்திரி நெஞ்சு வலி வந்தால் கும்பகோணத்துக்குத்தான் வண்டி பிடிக்கணும், உன் பயம் அதுதான் என்று தெரியும்.

இருந்தாலும் அங்கே திண்ணையில் உட்கார்ந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று, "என்ன மாமா, எந்த ரகம் விடலாம், இப்பவே நாத்து விடலாமா?" என்று கேட்கிறான். இங்கே லிப்டில் நாலாம் மாடிக்காரர் சிரிக்கிறார், நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கு என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? வீட்டிலும் மாத்திரை போட்டாச்சா என்றுதான் கேட்கிறார்கள்.

பணம் தேவையென்றால் கூச்சப்படாமல் சொல், வேறு வழி பார்ப்போம். எனக்குக் கை கால் ஓடுகிறவரை சாகுபடி நடக்கட்டும். அம்மாவுக்கு இங்கே பேரனோடு பொழுது போகிறது, அவள் ஆடிப்பெருக்குக்கு வந்தால் போதும்.

உழவன் எக்ஸ்பிரஸில் 6-ஆம் தேதி ராத்திரிக்கு டிக்கெட் போட்டாச்சு. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நான் சொன்னால் அழுவாள், நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அப்பா