எத்தனை மணி நேரம் தாங்கியது?

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பிசான நடவு முடிந்துவிட்டது.

வெயிலால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் செயற்கை இலை ஆய்வை விட்டுவிட்டு சோலார் பேனல் கம்பெனிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். கங்கைகொண்டானிலேயே டாடா பவர் தொழிற்சாலை இருக்கிறது, பிள்ளை ஊரோடு இருக்கட்டுமே என்பது அப்பாவின் கட்சி. நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு மட்டும் கசக்கவா செய்யும்? ஆனால் ஆயுசு பூராவும் தாவரவியல் நடத்தியவள், பேசாமல் இருக்க முடியவில்லை.

விழுகிற வெயிலில் பயிர் சேமிப்பது நூற்றில் ஒரு பங்கு கூடத் தேறாது, மாடிப் பேனலோ இருபது பங்கு தருகிறது, பிறகு இலையிடம் கற்க என்ன இருக்கிறது என்கிறாய். மின்சாரம் மட்டும் போதுமென்றால் நீ சொல்வது சரி. பேனல் இருக்கிறது, ஆடிக் காற்றுக்குப் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆனால் வயலுக்கு இறங்குகிற யூரியாவை நினைத்துப் பார். அதற்கான அம்மோனியாவில் இருக்கும் ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து வருவது. கம்பியில் வரும் மின்சாரத்தை வயலில் தூவ முடியாதே ஏட்டி. வெயிலை ஒரு பொருளாக்கி மூட்டை கட்டத் தெரிந்தது இலைக்குத்தான்.

இத்தாலிக்காரர் சியாமிசியன் 1912-லேயே, நிலக்கரியை விட்டுவிட்டு வெயிலில் வேதியியல் செய்வோம் என்று பேசினார். 1972-ல் ஜப்பானில் ஹோண்டாவும் ஃபுஜிஷிமாவும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பட்டுத் தண்ணீர் பிரிவதைக் காட்டினார்கள். அதற்குப் புறஊதா ஒளி வேண்டும், வெயிலில் அது சொற்பம். 2011-ல் அமெரிக்க வேதியியலாளர் டேனியல் நோசெராவின் செயற்கை இலை வந்தபோது பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. அதை விற்கக் கிளம்பிய நிறுவனம் கடைசியில் பேட்டரி பக்கம் போய்விட்டது. பேனல் மின்சாரத்தை, தண்ணீரைப் பிரிக்கும் கருவியான எலக்ட்ரோலைசருக்குக் கொடுத்து ஹைட்ரஜன் எடுக்கும் வழி இன்றைக்கு உங்களை முந்தி நிற்கிறது. அதை மறைத்து உன்னைத் தேற்ற மாட்டேன்.

விழுகிற வெயிலில் எத்தனை பங்கு ஹைட்ரஜனாகிறது என்ற சதவீதத்தையே உங்கள் ஆட்கள் துரத்துகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வருத்தப்பட்டது எதற்கு? முதல் நாள் நன்றாக ஓடியது, பிறகு மின்முனை அரித்துப் போயிற்று என்றுதானே? இலையிலும் அதேதான் நடக்கிறது. இலையில் ஒளியை வாங்கித் தண்ணீரைப் பிரிக்கும் புரதத் தொகுதியான ஒளி அமைப்பு II-ல் நாலு மாங்கனீசும் ஒரு கால்சியமும் சேர்ந்து தண்ணீரைப் பிரிக்கிற இடம் இருக்கிறதல்லவா, அதைத் தாங்கும் டி1 புரதம் உச்சி வெயிலில் அரை மணிக்கொரு தரம்கூடக் கெட்டுவிடும். பயிர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிக்கொள்ளும், தாமிரபரணிப் படித்துறையில் வருஷா வருஷம் பெயர்ந்த கல்லை எடுத்துவிட்டு வேறு கல் பதிப்பது போல. அழியாத பொருளைத் தேடி இலை அலையவில்லை.

நோசெராவின் வேலையில் எனக்குப் பிடித்ததும் இதுதான். 2008-ல் அவரும் அவர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்த கானனும் கண்ட கோபால்ட் பாஸ்பேட் வினையூக்கி, கரைந்தாலும் அந்த நீரில் பாஸ்பேட் இருக்கும்வரை திரும்பவும் மின்முனையில் படிந்துகொள்ளும். உன் வழிகாட்டி இந்தப் பக்கம் யோசித்தாரா? இல்லையென்றால் நீ கேள். அதற்கும் அவர் காது கொடுக்கவில்லை என்றால் கங்கைகொண்டானுக்கு வா, நான் தடுக்க மாட்டேன்.

அடுத்த தரம் போன் செய்யும்போது சதவீதம் சொல்லாதே. எத்தனை மணி நேரம் தாங்கியது, ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரிலா குழாய்த் தண்ணீரிலா, அதைச் சொல். அப்பளக் கட்டும் மோர் மிளகாயும் பார்சலில் வருகிறது. அறைத் தோழிக்கும் கொடு.

அன்புடன்,
அம்மா