வெறும் அமோனியா தண்ணீராம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அனல்மின் நிலையப் புகை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக, இரண்டாம் முறை கோபமாக. புகையை "வெறும் அமோனியா தண்ணீருக்குள் விட்டால் போதும்", கார்பன் டை ஆக்ஸைடு அதிலேயே தங்கிவிடுமாம். அந்த 'வெறும்' எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் சோடா ஆஷ் (கண்ணாடிக்கும் சோப்புக்கும் போகும் சலவைச் சோடா) தொழிற்சாலை ஒன்றில் 29 வருடம் ஷிப்ட் பார்த்தவன். உப்புத் தண்ணீரில் அமோனியாவை ஏற்றி, அதற்குள் கார்பன் டை ஆக்ஸைடை விடுவதுதான் எங்கள் பிழைப்பு. 1860களில் பெல்ஜியத்துச் சால்வே செய்து காட்டிய வேலை, உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு உறவான சங்கதியைத்தான் 'புதிய கண்டுபிடிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். வாயுவை விடும் டவருக்குள் பைகார்பனேட் என்ற உப்பு படிந்து இறுகிக் கல்லாகி அடைத்துக்கொள்ளும். இணைப்பில் லேசாகக் கசிந்தால் போதும், ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காற்று வரும் திசையைப் பார்த்து ஓடுவோம். ஒரு வால்வை மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், மேலே யாரும் அசையவில்லை. அது கசிந்த அன்று பட்டதில் என் இடது கண் இன்னும் வெயிலில் நீர் வடிக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் குழாய் கசிந்தபோது ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்களே, அதுவும் இந்த 'வெறும்' அமோனியாதான். நீங்களே செய்தி போட்டீர்கள்.

அமோனியாவால் ஆகாது என்று நான் சொல்லவில்லை. கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்க வழக்கமாக வைக்கும் அமீன் கரைசல் புகையிலுள்ள ஆக்ஸிஜன் பட்டால் மெல்லக் கெடும், அமோனியா அப்படிக் கெடாது. விலையும் குறைவு. ஆனால் ஆவியாகிப் புகையோடு சேர்ந்து தானும் பறந்துவிடும். அதற்காகத்தான் அல்ஸ்டாம் கம்பெனி கரைசலை நன்றாகக் குளிரவைத்துப் பார்த்தது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் மவுன்டனீர் நிலையத்தில் 2009 முதல் 2011 வரை ஓட்டினார்கள். 1,300 மெகாவாட் நிலையத்தில் 20 மெகாவாட் அளவுக்கான புகை மட்டும். பிடித்த வாயுவை அங்கேயே நிலத்துக்கடியில் இறக்கினார்கள். சரி, வேலை நடந்தது. அதை 235 மெகாவாட்டுக்குப் பெரிதாக்கும் திட்டம் 2011 ஜூலையில் கைவிடப்பட்டது. செலவை யார் தலையில் கட்டுவது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. உங்கள் கட்டுரையில் 'ஓட்டினார்கள்' வரைக்கும் இருக்கிறது. மீதி அச்சில் விழவில்லை போலும்.

குளிர் நாட்டிலேயே இந்தக் கதி. இங்கே மே மாதத்தில் கடல் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். கரைசலைப் பத்து டிகிரிக்கு இறக்க கம்ப்ரசர் ஓட வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். எந்த நிலையத்திலிருந்து என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஊர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் 2016இல், வேறொரு கரைசலை வைத்து, நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடித்து சோடா ஆஷ் செய்யும் ஏற்பாடு வந்தது. லண்டன் பத்திரிகைக்காரன் எழுதினான். நீங்கள் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டு அப்போதே பக்கம் பக்கமாக உங்களுக்கு எழுதினேன். நாலு வரி வந்தது, என் இனிஷியல் தப்பாக.

அப்புறம் கட்டுரையோடு போட்ட அந்தப் படம். கூலிங் டவரிலிருந்து வெள்ளை வெளேரென்று போகும் நீராவிக்குக் கீழே 'கரும்புகை கக்கும் ஆலை' என்று எழுதியிருக்கிறீர்கள். இது மூன்றாவது தடவை. மூன்று நறுக்கும் என்னிடம் இருக்கின்றன.

கட்டுரையைத் திருத்துங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதோ என்னவோ. 'படத்தில் இருப்பது நீராவி' என்று மட்டும் அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் போடுங்கள். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் பொறுப்பாளர்,
தூத்துக்குடி.