கன்தோரும் கந்தோரும்: சொற்பட்டியல் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

இந்தோனேசிய மொழியில் தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்துவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். கப்பல் அங்கே ‘காப்பால்’ ஆனதையும் கடை ‘கெடாய்’ ஆனதையும் நீங்கள் எடுத்துக்காட்டும்போது எனக்கு மறுப்பில்லை. ஆனால் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கன்தோர்’ என்னும் இந்தோனேசியச் சொல்லை, ஈழத்தமிழரின் ‘கந்தோர்’ தந்ததாகச் சிலர் அதே வரிசையில் சேர்ப்பதை ஏற்க இயலவில்லை. இவ்விரண்டும் தாயும் சேயும் அல்ல. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

தாய், டச்சு மொழியின் ‘கன்டோர்’. அதுவும் டச்சுக்காரரின் சொந்தச் சரக்கன்று: கணக்கிடுதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து கிளைத்து, காசு எண்ணும் மேசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லாகி, டச்சில் கணக்கர் அமரும் இடமாகவும் அலுவலகமாகவும் பொருள் விரிந்தது. (வங்கியில் நாம் வரிசைகட்டி நிற்கும் கவுண்டரும் அக்குடும்பத்ததே.) 1619-இல் ஜயகர்த்தாவைக் கைப்பற்றிப் பத்தாவியாவை (இந்தோனேசியாவின் இன்றைய ஜகார்த்தா) நிறுவிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே 1658-இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தையும் பிடித்தது. சிங்களத்திலும் அச்சொல் ‘கந்தோருவ’ என வழங்குவதற்கு அந்த ஆட்சியே காரணம்.

நம் சொல்லே அங்குச் சென்றிருக்கலாகாதா என்று கேட்பீர்கள். காப்பாலும் கெடாயும் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் ஒருங்கே வழங்குகின்றன, கன்தோரோ அப்படியன்று. 1824-ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கை மலாய் உலகை இரண்டாக வகுத்த கோட்டுக்குத் தெற்கே ‘கன்தோர் போஸ்’ எனப்படும் அஞ்சலகம், வடக்கே மலேசியாவில் ‘பெஜாபாட் போஸ்’ ஆகிவிடுகிறது. தமிழ் வணிகர் கொண்டுபோன சொல்லாயின், ஐரோப்பியர் கிழித்த கோட்டில் அது ஏன் நிற்க வேண்டும்? தமிழிலும் டச்சுக்காரர் ஆண்ட இலங்கையில்தான் ‘தபால் கந்தோர்’ என அது நிலைத்தது; தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அது புதுச்சொல்.

இந்தோனேசியர் அதைத் தம் இலக்கணத்துக்குள் இழுத்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலெழுத்தை மூக்கொலியாக்கி ‘ஙன்தோர்’ என்றால், பேச்சுவழக்கில் அலுவலகத்துக்குப் போதல் என்று பொருள். இரவல் சொல்லென்று அவர்கள் கூச்சப்படவில்லை.

ஆகவே அடுத்த முறை பட்டியலைத் திருத்தும்போது, இச்சொல்லைத் தமிழ்க்கொடைகளிலிருந்து நீக்கி, டச்சு மூலத்தைக் குறித்து, ஈழத்துக் கந்தோரை அதன் உடன்பிறப்பாகக் காட்டுமாறு வேண்டுகிறேன். மாட்டோம் என்பீராயின், கழிப்பறைக்கு இந்தோனேசியர் வழங்கும் ‘காகுஸ்’ என்பதையும் நம் ‘கக்கூஸ்’ ஈன்றதாக உரிமை கொண்டாட நேரும். அதுவும் அதே டச்சுக் கப்பலில் வந்திறங்கியதுதான்.

இப்படிக்கு,
ஈழத்துச் சொற்களில் ஈடுபாடுள்ள ஒரு வாசகர்