ஆர். சி. பிளாக் யார் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரிகளின் அறங்காவலர்களுக்கும், அந்தக் கல்லூரிகளின் பழைய ஆவணங்களைக் காப்பாற்றப் பணம் தருகிற அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் கல்லூரிகளின் முதல் தலைமுறைத் தலைவர்கள் விட்டுப்போன காகிதங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவது நல்ல காரியம். என்னைப் போல எங்கோ உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் பணம் ஸ்கேனரோடு நின்றுவிட வேண்டாம். பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகப் படித்து, யார் யாருக்கு எதற்காக எழுதியது என்று குறித்து வைக்கிற ஆவணக் காப்பாளருக்கு நிரந்தர வேலை கொடுங்கள். கேட்க வந்தது இது ஒன்றுதான்.

புக்கர் டி. வாஷிங்டனின் காகிதங்களையே எடுத்துக்கொள்வோம். 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர், 1881 ஜூலை 4 அன்று அலபாமாவின் டஸ்கீகியில் சுமார் 30 மாணவர்களோடு பள்ளியைத் தொடங்கினார். மாகாண அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் கொடுத்தது, அதுவும் சம்பளத்துக்கு மட்டும். நிலத்துக்கோ கட்டடத்துக்கோ ஒரு பைசா இல்லை. மாணவர்களே செங்கல் சுட்டுக் கட்டினார்கள். 1895-இல் அட்லாண்டா மேடையில், சமூக வாழ்வில் இரு இனமும் விரல்களைப் போலத் தனித்தனியாக இருக்கலாம், பொது முன்னேற்றத்தில் ஒரே கையாக இருப்போம் என்று பேசினார். வெள்ளையர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றிலிருந்து, உரிமையை விட்டுக்கொடுத்து வேலைவாய்ப்பை வாங்கிக்கொண்டவர் என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1903-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அதைக் கடுமையாகவே எழுதினார். பொதுவெளியில் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான விமர்சனம்தான்.

ஆனால் அதே 1903-இல் வெளியே தெரியாமல் என்ன நடந்துகொண்டிருந்தது? அலபாமா 1901-இல் கொண்டுவந்த புதிய அரசியல் சட்டம் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்டது. 1900-இல் தகுதி பெற்றிருந்தவர்கள் 1,80,000-க்கும் மேல். 1903-இல் பதிவேட்டில் 3,000 பேர்கூட இல்லை. மான்ட்கோமரியில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜாக்சன் கைல்ஸ் இதை எதிர்த்து வழக்குப் போட்டார், அது உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. வாதாடிய வழக்கறிஞர் வில்ஃபோர்ட் ஸ்மித்துக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தவர் வாஷிங்டன். வெளியே தெரிந்தால் டஸ்கீகியே போய்விடும் என்பதால், வாஷிங்டனின் செயலாளர் எம்மெட் ஸ்காட்டும் ஸ்மித்தும் பொய்ப் பெயர்களில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஸ்காட் போட்ட கையெழுத்து ஆர். சி. பிளாக். ஸ்மித் போட்டது ஜே. சி. மே.

இங்கேதான் என் கவலை. இந்தக் கடிதங்களை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளில் ஓடவிட்டு, இணையத்தில் போட்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி வந்து வாஷிங்டன், ஸ்காட், ஸ்மித் என்று எந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் இவை அகப்படாது, ஏனென்றால் மறைப்பதற்கென்றே எழுதப்பட்டவை இவை. யாரோ பிளாக் என்பவர் யாரோ மே என்பவருக்கு எழுதியதாகத்தான் தெரியும். கையெழுத்தை ஒப்பிட்டு, தேதியைச் சரிபார்த்து, அந்த வாரம் நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று பார்த்து, இந்த பிளாக் ஸ்காட்தான் என்று அடையாளம் கண்டு எழுதி வைத்தால்தான் அந்தத் தாளுக்கு உயிர் வரும். அதற்கு அந்தப் பெட்டிகளோடு வருடக்கணக்கில் பழகிய மனிதர் வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவரால் அது முடியாது.

அலோன்சோ பெய்லி வழக்கும் அப்படித்தான். 15 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டு, மாதம் 12 டாலருக்கு ஒரு வருடம் உழைப்பதாகக் கையெழுத்துப் போட்டு, ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக வேலை செய்துவிட்டு வெளியேறிய பண்ணைத் தொழிலாளி அவர். அலபாமாவின் சட்டம் ஒன்றின்படி அதற்காகக் குற்றவாளி ஆக்கப்பட்டார். கொத்தடிமை முறை வேறென்ன? அந்தச் சட்டத்தை 1911-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குப் பின்னாலும் வாஷிங்டனின் மறைவான உதவி இருந்தது.

சரி, பெட்டிக்குள் இருப்பதெல்லாம் பெருமைப்படும்படியானதா என்றால், இல்லை. தன்னை எதிர்த்த கறுப்பினத் தலைவர்களின் கூட்டங்களுக்கு அவர் உளவாளிகளை அனுப்பியதும், பத்திரிகைகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்துத் தன் பக்கம் எழுதவைத்ததும் அதே காகிதங்களில்தான் இருக்கின்றன. அவற்றையும் தொடாமல் வையுங்கள். கல்லூரியின் பெயர் கெடும் என்று எதையும் ஒதுக்கிவைக்காதீர்கள். அப்படிக் கழித்துக்கட்டியிருந்தால் வழக்குகளுக்குப் போன பணத்தின் தடமும் கூடவே போயிருக்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே வகையான ரகசியக் கடிதங்கள்.

டஸ்கீகியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போன அவருடைய ஆவணங்கள் மட்டுமே மூன்று லட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, வரலாற்றாசிரியர் லூயி ஹார்லன் தலைமையில் ஒரு குழு 1972 தொடங்கி 1989 வரை 14 தொகுதிகள் வெளியிட்டது. கடைசித் தொகுதி முழுக்கச் சொல்லடைவு. ஒரு தொகுதியையே அதற்கு ஒதுக்கியவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரிந்திருக்கிறது. வாஷிங்டனுக்கு இவ்வளவு பேர் உழைத்தார்கள். பெயர் அவ்வளவு பரவாத மற்றத் தலைவர்களின் பெட்டிகளுக்கு யார் இருக்கிறார்கள்?

இதையெல்லாம் ஒரு தமிழர் ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றலாம். 1903 செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் வாஷிங்டனைப் பற்றி, அடிமை நிலையிலிருந்து கல்லூரித் தலைவரானவர் என்று புகழ்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்த இதழில் அப்போது தமிழ்ப் பகுதியும் உண்டு. நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களும் அதன் வாசகர்கள். ஆக, அவருடைய கதை எங்கள் மக்களுக்கு முன்மாதிரியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கைல்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. கட்டுரை எழுதியவருக்கும் படித்தவர்களுக்கும் அவரில் பாதி மனிதர்தான் கிடைத்தார். மீதிப் பாதி பெட்டிக்குள் இருந்தது.

அதனால், அடுத்த ஆண்டறிக்கையில் எத்தனை பக்கம் ஸ்கேன் ஆனது என்று எழுதும்போது, எத்தனை ஆவணக் காப்பாளர்கள் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கின்றன என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். நாங்கள் அதைத்தான் முதலில் தேடிப் படிப்போம்.

இப்படிக்கு,
அந்தக் கடிதங்களின் வாசகர் ஒருவர்