அட்டர்னி ஜெனரல் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள்: அரிசோனா தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாண்ட்லர், கில்பர்ட், பீனிக்ஸ், டூசான் பக்கமெல்லாம் வாழ்ந்து, இங்கே குடியுரிமையும் வாங்கிவிட்ட சொந்தங்களுக்கு,

வணக்கம். 2026 நவம்பர் 3 அன்று நம் மாநிலத்தில் தேர்தல். ஆளுநர் போட்டியைப் பற்றி உங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, டிவி விளம்பரங்களே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நான் எழுதுவது அதே வாக்குச் சீட்டில் சத்தமில்லாமல் கிடக்கும் இன்னொரு பதவியைப் பற்றி: மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர். நம்மவர்கள் கூடுகிற இடங்களில் தேர்தல் பேச்சு வந்தால், "பெரிய பதவிக்கெல்லாம் போட்டேன், மிச்சத்தை அப்படியே விட்டுட்டேன்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அந்த "மிச்சம்" என்ன செய்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2022 நவம்பரில் நடந்ததை முதலில் பார்ப்போம். ஜனநாயகக் கட்சியின் கிரிஸ் மேய்ஸும் குடியரசுக் கட்சியின் ஏப் ஹமாதேயும் அட்டர்னி ஜெனரல் பதவிக்குப் போட்டியிட்டார்கள். 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. முதல் எண்ணிக்கையில் வித்தியாசம் 511. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் தானாகவே மறு எண்ணிக்கை நடக்க வேண்டும் என்று அந்த ஆண்டுதான் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். அதன்படி மறுபடி எண்ணினார்கள். பினால் கவுண்டியில் முதல் தடவை ஊழியர்களின் தவறால் சுமார் 500 வாக்குகள் கணக்கில் வராமல் போயிருந்தது அப்போதுதான் தெரிந்தது. டிசம்பர் 29 அன்று நீதிபதி நீதிமன்றத்தில் முடிவை அறிவித்தபோது மேய்ஸ் 280 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார்.

280 பேர்! நம் தீபாவளி விழாவில் சாப்பாட்டுக்கு நிற்கும் வரிசையே அதைவிட நீளம். அதே தேர்தலில், அதே சீட்டில், ஆளுநருக்கு விழுந்த வாக்குகளைவிட அட்டர்னி ஜெனரலுக்கு விழுந்தவை ஏறத்தாழ 50,000 குறைவு. வாக்களிக்க வந்தவர்கள்தான், பேனாவும் கையில் இருந்தது, இருந்தும் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

நம் ஆட்களுக்கு இந்தப் பதவி பெரிதாகப் படாததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் அட்வகேட் ஜெனரலை ஆட்சியில் இருப்பவர்களின் பரிந்துரைப்படி ஆளுநர் நியமிப்பார், ஆட்சி மாறினால் அவரும் மாறுவார். மக்கள் அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. இங்கேயும் அப்படித்தான், அரசாங்கத்தின் வக்கீல், அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். அரிசோனாவில் அட்டர்னி ஜெனரல் ஆளுநருக்குக் கீழே வேலை பார்ப்பவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆளுநரால் அவரை நீக்க முடியாது. எந்த வழக்கைத் தொடுப்பது, எதை விடுவது என்பதில் அவர் முடிவுக்குப் பெரிய எடை உண்டு.

அந்த எடை நம் வீட்டுக்குள்ளேயே வந்த நாள் ஒன்று உண்டு. 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அன்றே, அதிபர் டிரம்ப் பிறப்புக் குடியுரிமை பற்றி ஓர் ஆணை போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குப் பிறகு இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்றது ஆணை. எச்1பி வேலை விசா, அவர்களின் குடும்பத்தாருக்கான எச்4 விசா இரண்டும் அதில் அடங்கும். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்கள் எத்தனை ஆண்டு நிற்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நிறைமாதத்தில் இருந்த பெண்களும், ஊரில் இருந்து பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்த அம்மாக்களும் அந்த வாரம் எப்படித் தவித்திருப்பார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாளே நான்கு மாநிலங்கள் சியாட்டிலில் வழக்குத் தொடுத்தன: வாஷிங்டன், ஆரிகன், இல்லினாய், அரிசோனா. ஜனவரி 23 அன்று நீதிபதி ஜான் கஃபனவர் ஆணைக்குத் தற்காலிகத் தடை போட்டார். நியூஜெர்சி, மாசசூசெட்ஸ் முதலிய மாநிலங்கள் தனியே இன்னொரு வழக்குப் போட்டன. வழக்குத் தொடுத்த அட்டர்னி ஜெனரல்கள் எல்லாரும் ஜனநாயகக் கட்சியினர். குடியரசுக் கட்சி அட்டர்னி ஜெனரல்கள் பலர் அயோவா தலைமையில் ஆணைக்கு ஆதரவாக நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த நால்வரில் அரிசோனாவும் ஒன்றாக நின்றதற்கு அடிப்படை, 2022இல் விழுந்த அந்த 280 வாக்கு.

ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆணை சரி என்று நினைப்பவர்களும், எல்லைப் பிரச்சினையில் கண்டிப்பு வேண்டும் என்று சொல்பவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கும் இந்தக் கட்டம் இதே அளவு முக்கியம். எந்தப் பக்கம் நின்றாலும், அதை முடிவு செய்யும் இடத்தைக் காலியாக விடலாமா என்பதுதான் என் கேள்வி.

பிறப்புக் குடியுரிமை ஒன்றுதான் என்றும் நினைக்க வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு 2024 பிப்ரவரி நினைவிருக்கலாம். ரியல்பேஜ் என்ற நிறுவனத்தின் மென்பொருளை வைத்துப் பெரிய அபார்ட்மெண்ட் நிறுவனங்கள் ஒன்றுகூடி வாடகையை ஏற்றின என்று குற்றஞ்சாட்டி, பீனிக்ஸ், டூசான் வாடகைதாரர்கள் சார்பில் வழக்குப் போட்டது இந்த அட்டர்னி ஜெனரல் அலுவலகம்தான். லா பாஸ் கவுண்டியில் சவூதி நிறுவனம் ஒன்று மாட்டுத்தீவனம் வளர்ப்பதற்காக நிலத்தடி நீரை உறிஞ்சுவதாகவும், அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றுவதாகவும் 2024 டிசம்பரில் வழக்குத் தொடுத்ததும் இதே அலுவலகம். ஊரில் கிணறு வற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அப்புறம் 1864ஆம் ஆண்டுச் சட்டம். அரிசோனா மாநிலமாவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னால், தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறு எதற்கும் கருக்கலைப்புக் கூடாது என்று எழுதப்பட்ட சட்டம் அது. அதை அமல்படுத்தலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னபோது, தான் பதவியில் இருக்கும்வரை எந்த மருத்துவர் மீதும் எந்தப் பெண் மீதும் அதன்கீழ் வழக்குப் போட மாட்டேன் என்று மேய்ஸ் அறிவித்தார். மே 2 அன்று அந்தச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவில் ஆளுநர் கையெழுத்திட்டார். இடையில் மருத்துவர்களுக்குத் துணிச்சல் தந்ததில் அந்த அறிவிப்புக்கும் பங்கு உண்டு. வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் வேறு அறிவிப்பு வந்திருக்கலாம்.

இவ்வளவு பெரிய பதவியில் நாம் தேர்ந்தெடுப்பவர் ஆளுநராகவே ஆன கதையும் இந்த மண்ணில் உண்டு. 1978 மார்ச்சில் ஆளுநர் வெஸ்லி போலின் பதவியிலேயே இறந்தார். அடுத்து வர வேண்டிய மாநிலச் செயலர் நியமனத்தில் வந்தவர் என்பதால் அவருக்குத் தகுதி இல்லை. அட்டர்னி ஜெனரலாக இருந்த புரூஸ் பாபிட் ஆளுநரானார், 1987 வரை இருந்தார்.

சரி, இனி காரியத்துக்கு வருகிறேன். புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். அரிசோனாவில் மாநிலப் பதவிகளுக்கு வாக்களிக்கக் குடியுரிமைச் சான்று வேண்டும். சான்று இல்லாமல் பதிவு செய்தவர்களுக்கு வருவது அதிபர், காங்கிரஸ் போன்ற கூட்டாட்சிப் பதவிகள் மட்டும் உள்ள சீட்டு; அதில் அட்டர்னி ஜெனரல் பெயரே இருக்காது. நாம் பெரும்பாலும் விசாவில் இருந்தபோது எடுத்த ஓட்டுநர் உரிமத்தையே வைத்திருக்கிறோம். அந்த உரிமம் குடியுரிமைக்குச் சான்றாகாது. வாக்காளர் பதிவுப் படிவத்தில் குடியுரிமைச் சான்றிதழ் எண்ணைக் கேட்கும் கட்டத்தை நிரப்புங்கள், அல்லது அமெரிக்கப் பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுங்கள். உங்கள் பதிவு முழுமையாக இருக்கிறதா என்று, வாக்காளர் பதிவைப் பார்த்துக்கொள்ளும் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். தேர்தலுக்கு நான்கு வாரம் முன்பே பதிவு மூடிவிடும்.

கட்சிச் சின்னத்தில் ஒரே புள்ளி வைத்து எல்லாப் பதவிக்கும் வாக்களிக்கும் வசதி இந்த மாநிலத்தில் கிடையாது. ஒவ்வொரு வட்டத்தையும் தனித்தனியாக நிரப்பியாக வேண்டும். சீட்டு நீளமானதுதான், இரண்டு பக்கமும் அச்சடித்தது, நீதிபதிகள், பள்ளிக்குழு, சட்ட முன்மொழிவுகள் என்று போய்க்கொண்டே இருக்கும். தபாலில் வந்ததும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு, வேட்பாளர்களைப் பற்றிப் படித்துப் படித்து நிரப்பலாம். அவசரமே இல்லை. வட்டத்தை முழுதாகக் கருக்குங்கள், உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதீர்கள்.

தமிழ்ச் சங்கங்களை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் கட்சியின் பக்கமும் சாயாமல், அக்டோபர் தொடக்கத்தில் ஒரு மாலை, மாதிரிச் சீட்டை வைத்து ஒவ்வொரு பதவியும் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் மண்டபம் பிடிக்கிற நம்மால் இதையும் செய்ய முடியும். அப்படியே எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: தபால் முத்திரைத் தேதி இங்கே கணக்கில் வராது. தேர்தல் நாள் இரவு 7 மணிக்குள் சீட்டு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
சாண்ட்லரில் இருந்து உங்களில் ஒருவர்