எடைக் குறைப்புப் பயிற்சியாளர்களுக்கு: தைராய்டு மாத்திரையில் கை வைக்காதீர்கள்

உடற்பயிற்சிக் கூடப் பயிற்சியாளர்களுக்கும், டயட் ஆலோசனை சொல்பவர்களுக்கும், ஆன்லைனில் எடைக் குறைப்பு வகுப்பு நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

எடை கூடிவிட்டது என்று தெரிந்ததும் பலர் மருத்துவரிடம் போவதற்கு முன்பே உங்களிடம் வந்துவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்குத் தைராய்டு கோளாறு இருக்கும். இருப்பதே தெரியாமலும் இருக்கும். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம். ‘தைராய்டு இருந்தால் எடை குறையவே குறையாது’ என்று ஒரு பேச்சு. ‘அதெல்லாம் சாக்கு, ஒழுங்காக வியர்க்க வியர்க்க உழைத்தால் மாத்திரையே வேண்டாம்’ என்று இன்னொரு பேச்சு. இரண்டுமே தவறு. முதலாவது ஆளைச் சோர்ந்துபோக வைக்கிறது. இரண்டாவது ஆபத்தில் தள்ளுகிறது.

முதலில் எடைக் கணக்கு. தைராய்டு சுரப்பு குறைந்துபோனதால் மட்டும் கூடுகிற எடை பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பங்கு கொழுப்பல்ல, உப்பும் நீரும். ஹார்மோன் குறையும்போது தோலுக்கடியில் ஹையலூரானிக் அமிலம் போன்ற பொருட்கள் சேர்ந்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. முகமும் கண்ணிமையும் உப்பித் தெரிவது அதனால்தான். கோளாறு முற்றியவரின் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வீக்கம் இருந்தாலும் குழி விழாது. குழி விழுந்து மெல்ல நிரம்பினால் அது இதயம், சிறுநீரகம் போன்ற வேறு பிரச்சினையாக இருக்கலாம். அவரையும் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

ஆக, 20 கிலோ கூடியிருக்கும் ஒருவரிடம் ‘எல்லாம் தைராய்டு’ என்று சொல்லாதீர்கள். மாத்திரை தொடங்கிய பின் குறையும் எடை வழக்கமாக உடல் எடையில் 10 சதவீதத்துக்கும் கீழேதான். மீதியை உணவும் உடற்பயிற்சியும்தான் இறக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராய்டு சுரப்பு குறைந்தால் அது ஏறும். ஆனால் உடல் பருமனே டி.எஸ்.எச். அளவைக் கொஞ்சம் ஏற்றிவிடும். பருமனான ஒருவருக்கு டி.எஸ்.எச். 5 அல்லது 6 என்று சற்றுக் கூடுதலாக வந்து, ஃப்ரீ டி4 (இரத்தத்தில் கட்டுப்படாமல் ஓடும் தைராய்டு ஹார்மோன்) சரியாக இருந்தால், எடை கூடியதற்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. எடை குறைந்தாலே அந்த எண்ணும் இறங்குவதுண்டு. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ‘உங்களுக்குத் தைராய்டு’ என்று முத்திரை குத்தாதீர்கள். இப்படி எல்லைக்கோட்டில் வருகிறவர்களுக்கு மருத்துவர்களே இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள்.

எடையில் தைராய்டின் பங்கு சிறியதுதான். உடம்பின் மற்ற வேலைகளில் அதன் பங்கு மிகப் பெரியது. நாங்கள் கவலைப்படுவது அங்கேதான்.

சுரப்பு குறைந்தவருக்கு நாடித்துடிப்பு மெதுவாக இருக்கும், ஓடினாலும் எளிதில் ஏறாது. 220-இலிருந்து வயதைக் கழித்து இலக்குத் துடிப்பு போடும் கணக்கு இவரிடம் உங்களை ஏமாற்றும். ‘இன்னும் 110-தான் வந்திருக்கிறது, வேகத்தைக் கூட்டுங்கள்’ என்பீர்கள். அவர் ஏற்கெனவே தன் எல்லைக்கு வந்திருப்பார். தசைகளும் பலவீனமாக இருக்கும். பிடிப்பு, வலி, இரத்தத்தில் சி.கே. எனும் தசை நொதி உயர்வு எல்லாம் இந்த நோயிலேயே வரும். அந்த நிலையில் கடும் பயிற்சி கொடுத்தால் தசை இழைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த அபாயம் கூடுதல். பயிற்சி முடிந்து மூன்று நான்கு நாளாகியும் தசைவலி தீரவில்லை என்று ஒருவர் சொன்னால் ‘பழகிவிடும்’ என்று தட்டிவிடாதீர்கள். சிறுநீர் அடர்ந்த பழுப்பு நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கெட்ட கொழுப்பு கூடுவது, மலச்சிக்கல், இரத்தசோகை, மாதவிடாயில் அதிகப் போக்கு, கருத்தரிப்பதில் தடை, மனச்சோர்வு, மணிக்கட்டு நரம்பு நெருங்கி விரல்கள் மரத்துப்போவது எல்லாமே இதன் விளைவாக வரக்கூடியவை. தராசில் இவை எதுவும் தெரியாது.

சுரப்பு அதிகமானவர் உங்கள் கண்ணுக்கு வெற்றிக்கதையாகத் தெரிவார். நன்றாகச் சாப்பிட்டும் மாதம் இரண்டு மூன்று கிலோ இறங்குகிறது என்றால் பாராட்டுவதற்கு முன், அவர் கையை நீட்டி விரல்களை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு தாளை வைத்தால் நடுக்கம் தெளிவாகத் தெரியும். உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 100-க்கு மேல், உள்ளங்கை வியர்வை, சூடு தாங்க முடியாமை, தூக்கமின்மை, படியேறும்போது தொடையில் பலமின்மை இருந்தால் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். போவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும் எலும்பின் அடர்த்தியும்தான். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் பக்கவாதம் வரை போகும். கோளாறு கட்டுக்குள் வந்தது என்று மருத்துவர் சொல்லும் வரை கடும் பயிற்சி கூடாது.

இனி மாத்திரைக்கு வருவோம். லெவோதைராக்சின் என்பது சுரப்பி தர வேண்டிய டி4 ஹார்மோனேதான். சுரப்பி முழுதாக ஓய்ந்தவருக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மைக்ரோகிராம் தேவைப்படும். முதியவருக்கும் இதயநோய் உள்ளவருக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது.

உங்கள் வாடிக்கையாளர் இங்கேதான் தவறுகிறார், அதுவும் உங்கள் அட்டவணையால். காலை 5 மணிக்கு மாத்திரை. பயிற்சிக்கு முன் காபி குடிக்கச் சொல்லியிருப்பதால் 5:10-க்குக் காபி. 6:30-க்குப் பால் கலந்த புரோட்டீன் ஷேக், அதோடு இரும்பும் கால்சியமும் சேர்ந்த மல்டிவிட்டமின். மாத்திரை உறிஞ்சப்படுவதைக் காபி குறைக்கிறது. இரும்பும் கால்சியமும் குடலில் அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போக விடுவதில்லை. அடுத்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். ஏறி நிற்கும், மருத்துவர் டோஸைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் ஷேக்கை நிறுத்தினால் அதே டோஸ் மிகையாகிப் படபடப்பு வரும். காபியை ஒரு மணி நேரம் தள்ளுங்கள். இரும்பு, கால்சியம், அல்சருக்கான ஆன்டாசிட் இவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். அதிகாலையில் முடியாதவர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து இரவு படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

டி4 பாதியாகக் குறைய உடலில் ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் மாத்திரையை நிறுத்திய முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. ‘பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறீர்கள்’ என்று சொல்லத் தோன்றுவதும் அந்த வாரத்தில்தான். உடல் தளர்வது பின்னால்தான் வரும், அதற்குள் உங்கள் பேச்சு அவர் மனதில் பதிந்திருக்கும். இதே காரணத்தால்தான் டோஸ் மாற்றிய பின் 6 வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். கருத்தரித்திருக்கும் பெண் மாத்திரையை நிறுத்தினால் பாதிப்பு குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் போகும். உண்மையில் அப்போது டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தைராய்டு சரியாக இருப்பவருக்கு எடை குறைய இந்த மாத்திரையையோ, டி3 எனும் இன்னொரு தைராய்டு ஹார்மோனையோ வாங்கிக் கொடுப்பதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது. சாதாரண அளவில் எடை குறையாது. குறையும் அளவுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் அந்த மருந்தின் குறிப்பிலேயே கட்டம் கட்டி இந்த எச்சரிக்கையை அச்சிட்டிருக்கிறார்கள்.

‘தைராய்டு சப்போர்ட்’ என்ற பெயரில் விற்கும் சப்ளிமென்ட்டுகளையும் விட்டுவிடுங்கள். கடல்பாசித் தூளில் அயோடின் எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் மாறும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். மிஞ்சினால் சுரப்பு குறையவும் செய்யும், கூடவும் செய்யும். முடி, நகத்துக்காக விற்கும் பயோட்டின் வேறு விதத்தில் ஏமாற்றும். 5, 10 மில்லிகிராம் அளவில் சாப்பிட்டால் பல ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும் பொய்யாகக் காட்டி, இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடத் தேவையில்லை. அயோடின் போதுமான அளவு கிடைப்பவர் சமைத்துச் சாப்பிடலாம்.

குழந்தை பெற்று ஓராண்டுக்குள் வரும் பெண்களைத் தனியாகக் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி அழற்சி வருவதுண்டு. முதல் சில மாதங்களில் படபடப்பும் மெலிவும், பிறகு களைப்பும் உப்பலும். இதைத் தாய்மையின் களைப்பு என்று எல்லோரும் கடந்துபோகிறார்கள், நீங்களும் போய்விடாதீர்கள்.

உங்கள் சேர்க்கைப் படிவத்தில் சில கேள்விகள் சேர்க்கக் கேட்கிறோம்: குடும்பத்தில் தைராய்டு உண்டா, கடைசியாக டி.எஸ்.எச். எப்போது பார்த்தீர்கள், என்னென்ன மாத்திரை, சப்ளிமென்ட் எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள், கழுத்தில் வீக்கம் உண்டா, குழந்தை பிறந்து எத்தனை மாதம். ஓய்வுத் துடிப்பை ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு எட்டு வாரம் திட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றியும் களைப்பு கூடிக்கொண்டே போகிறவரிடம் உணவை மேலும் வெட்டாதீர்கள். கடும் பட்டினியில் உடல் தானாகவே டி3-யைக் குறைத்துக்கொள்ளும். அவரை டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 பார்த்துவரச் சொல்லி, நீங்கள் குறித்து வைத்த எடை, துடிப்பு, பயிற்சி விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் மருத்துவருக்குக் கிடைக்காத தகவல் அது.

இப்படிக்கு,
தைராய்டு நோயாளிகளோடு பணிபுரிபவர்கள்